காரின் அடியில் சத்தமா? சஸ்பென்ஷன் தேய்மானத்தை அறிகுறி வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

"ஷாக் போயிடுச்சு சார், நாலையும் மாத்திடலாம்." காரின் அடியில் சத்தம் கேட்கிறது என்று சொன்னதும் ஒர்க்‌ஷாப்பில் அடிக்கடி வரும் பதில் இது. சில நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பெரும்பாலும் சத்தம் போடுவது ஷாக் அப்சார்பர் அல்ல, அதைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ்களும் (இரும்புப் பாகங்கள் சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் உறைகள்) லிங்க் ராடுகளும்தான். ஷாக் தேயும்போது பல நேரம் சத்தமே வராது. வண்டியின் நடைதான் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். தினமும் ஓட்டுகிறவருக்கு அந்த மாற்றம் பழகியும் போய்விடும்.

இங்கே நான் எடுத்துக்கொண்டிருப்பது நம் ஊரில் அதிகம் ஓடுகிற ஸ்விஃப்ட், பலேனோ, ஐ10, ஐ20 மாதிரியான வண்டிகளை. இவற்றில் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்திருக்கும். அந்தத் தூணின் தலை பானட்டுக்குள் ஸ்ட்ரட் மவுண்டில் உட்கார்ந்திருக்கும். கீழே சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் என்ற கை, அதன் நுனியில் பால் ஜாயிண்ட் என்ற குண்டு மூட்டு, அது வண்டியின் உடம்போடு சேரும் இடத்தில் இரண்டு புஷ். இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பி, அதன் இரு முனையிலும் லிங்க் ராடு. பின்பக்கம் இரு சக்கரங்களையும் சேர்க்கும் டார்ஷன் பீம் என்ற குறுக்குச் சட்டம். பொலேரோ மாதிரி பின்னால் பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டிகளுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உங்கள் காது சொல்வதை நம்ப வேண்டாம். தகட்டு உடம்பு சத்தத்தைக் கடத்திக்கொண்டு போய் வேறு எங்கோ கொட்டும். இடது முன் சக்கரத்துப் பழுது டாஷ்போர்டுக்குள் கேட்பது சர்வ சாதாரணம். சத்தம் எப்போது வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளத்திலா, பிரேக்கிலா, ஸ்டீயரிங் திருப்பும்போதா, ரிவர்ஸிலா? பழுதான பார்ட்டை அந்த 'எப்போது'தான் காட்டிக்கொடுக்கும்.

முதலில் செய்ய வேண்டியவை

டிக்கியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஸ்டெப்னி மூன்றும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தளர்ந்த ஸ்டெப்னி, போன ஷாக்கைப் போலவே சத்தம் போடும். நான்கு டயருக்கும் காற்று சரிபார்த்துவிடுங்கள். சமீபத்தில் பஞ்சர் ஒட்டியிருந்தால் வீல் நட்டுகளை ஸ்பேனர் போட்டு ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். நட்டு தளர்ந்த சக்கரத்தின் 'லொடக்' பால் ஜாயிண்ட் சத்தத்தை அப்படியே ஒத்திருக்கும், ஆபத்தும் அதற்குக் குறைந்ததில்லை.

வண்டியைத் தூக்க வேண்டிய சோதனைகளுக்கு, சமதளமான கெட்டித் தரை, ஹேண்ட் பிரேக், எதிர்ச் சக்கரத்துக்குக் கட்டை, தூக்கிய இடத்தில் ஸ்டாண்ட், எல்லாமே வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி உடம்பின் எந்தப் பகுதியையும் வண்டிக்கு அடியில் கொடுக்காதீர்கள்.

சின்னப் பள்ளங்களில் 'லொடலொட', பெரிய மேட்டில் அமைதி

நம் தெருக்களில் அதிகம் கேட்கும் சத்தம் இது. தார் பெயர்ந்த ரோட்டில் இருபது முப்பது வேகத்தில் போகும்போது முன்னால் இருந்து தளர்ந்த இரும்பு ஆடுவதுபோல லொடலொடவென்று வரும். நெடுஞ்சாலையில் ஏறினால் காணாமல் போய்விடும். முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு.

இதை உறுதி செய்ய ஒரு வேகத்தடை போதும். முதலில் இரண்டு முன் சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறும்படி நேராகக் கடந்து செல்லுங்கள். அப்புறம், பின்னால் வண்டி வராத நேரமாகப் பார்த்து, ஒரு சக்கரம் முதலில் ஏறும்படி சாய்வாகக் கடந்து பாருங்கள். நேராகப் போகும்போது சத்தமில்லை, சாய்வாகப் போகும்போது சத்தம் வருகிறது என்றால் லிங்க் ராடு அல்லது ஸ்டெபிலைசர் பார் புஷ். காரணம் எளிது. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் அந்தக் கம்பி தன் புஷ்ஷுக்குள் சும்மா உருளும், லிங்க் ராடுக்குச் சுமையே இல்லை. ஒன்று மட்டும் ஏறினால் கம்பி முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கு முழுவதும் லிங்க் ராடின் சின்னக் குண்டு மூட்டு வழியாகத்தான் போக வேண்டும்.

இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1988-ல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 99 வழிகாட்டுதல், ஒரு வேகத்தடை வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, 25 கிலோமீட்டர் வேகத்தில் நிம்மதியாகக் கடக்கும்படி இருக்க வேண்டும் என்று சொன்னது. தெருமுனைகளில் நாம் தினமும் தாண்டுவது கையகல நீளத்தில் செங்குத்தாக எழுந்து நிற்கும் திண்டு. லிங்க் ராடும் புஷ்ஷும் நம் ஊரில் சீக்கிரம் போவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

லிங்க் ராடைக் கையாலும் சோதிக்கலாம். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் சக்கரத்துக்குப் பின்னால் ஸ்ட்ரட்டை ஒட்டி ஒரு மெல்லிய கம்பி தெரியும். இன்ஜின் ஆஃப் செய்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே, அதன் மூட்டுக்குப் பக்கத்தில் பிடித்து வேகமாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நல்ல மூட்டு கெட்டியாகச் சுழலும், தட்டாது. போன மூட்டில் விரல் நுனியில் 'டிக் டிக்' என்று தெளிவாக உணர முடியும். அதன் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் கறுத்து மண்ணோடு கலந்திருந்தால் மேலே சோதனையே தேவையில்லை. நிச்சயம் வேண்டுமென்றால் மெக்கானிக்கிடம் சொல்லி இரு பக்க லிங்க் ராடையும் கழற்றிவிட்டு அதே ரோட்டில் மெதுவாக ஒரு சுற்று போய்ப் பார்க்கலாம். சத்தம் நின்றால் விஷயம் முடிந்தது. கழற்றிய நிலையில் வண்டி வளைவில் அதிகம் சாயும் என்பதால் வேகம் வேண்டாம். ஒரு லிங்க் ராடின் விலை ஒரு ஷாக்கின் விலையில் சிறு பங்குதான். இந்தச் சோதனையைச் செய்யாமல் நான்கு ஷாக்கை மாற்றியும் சத்தம் நிற்காமல் திரும்பி வந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வயிற்றெரிச்சல் யாருக்கும் வேண்டாம்.

இதே மாதிரி சத்தம் போடும் இன்னொரு ஆள் பிரேக் காலிப்பர், அதாவது பிரேக் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம். அதே ரோட்டில் பிரேக் மிதியை லேசாக, வேகம் குறையாத அளவுக்கு, அழுத்திக்கொண்டே போங்கள். சத்தம் உடனே நின்றால் சஸ்பென்ஷனைத் தொடவே வேண்டாம். பிரேக் பேடோ காலிப்பர் பின்னோ தளர்ந்திருக்கிறது.

பிரேக் பிடித்தால் ஒரு 'டொக்', ரிவர்ஸ் எடுத்தால் இன்னொரு 'டொக்'

ஒரே ஒரு கனமான சத்தம், காலுக்கு அடியில் உணரும்படி. இது லோயர் ஆர்மின் பின் புஷ். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படும், ரிவர்ஸில் பிரேக் பிடித்தால் முன்னோக்கி. அந்தத் தள்ளுமுள்ளை வாங்குவது இந்தப் புஷ்தான். ரப்பர் கிழிந்தால் ஆர்ம் முழுவதும் நகர்ந்து இரும்போடு இரும்பு மோதும்.

காலியான இடத்தில் ஒருவரை ஓட்டச் சொல்லி, நீங்கள் பாதுகாப்பான தூரத்தில் பக்கவாட்டில் நின்று முன் சக்கரத்தைப் பாருங்கள். நடை வேகத்தில் முன்னால் வந்து பிரேக், பின்னால் போய் பிரேக். மட்கார்டு வளைவுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறினால் புஷ் போய்விட்டது. ஸ்டாண்டில் நிறுத்தி லிவர் போட்டு நெம்பும்போது ரப்பர் கொஞ்சம் நெளியத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பழுது என்று முடிவு செய்யக் கூடாது. வெடிப்பு ஆழமாகத் திறப்பதும், ரப்பர் உலோக உறையிலிருந்து பிரிந்து நிற்பதும்தான் பழுது. கிளச் விடும்போதும் கியர் மாற்றும்போதும் மட்டும் 'டொக்' வந்தால் இன்ஜின் மவுண்ட்டைப் பாருங்கள்.

புது புஷ் போட்டும் சில மாதத்தில் திரும்பக் கிழிந்துபோகிறது என்று பலர் புலம்புவதுண்டு. பார்ட்ஸ் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன், எப்படி இறுக்கினார்கள் என்று கேளுங்கள். இந்தப் புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டப்பட்டிருக்கும். அது சுழலாது, முறுக்கிக்கொள்ள மட்டுமே செய்யும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கியதுமே ரப்பர் முறுக்கிய நிலைக்குப் போய்விடும். நிறுத்தி வைத்திருக்கும்போதும் அந்த முறுக்கு போகாது. ஆகவே போல்ட்டை முதலில் கையிறுக்கமாக வைத்து, வண்டியின் எடை சக்கரத்தில் விழுந்த பிறகே கடைசி இறுக்கு. லிஃப்டில் அவசரமாக வேலை முடியும் இடங்களில் தவறிப்போகும் விஷயம் இது. வேலை கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

நின்ற இடத்தில் ஸ்டீயரிங் திருப்பினால் 'டொய்ங்'

ஸ்பிரிங் இழுபட்டு விடுபடும் சத்தம். ஸ்ட்ரட் மவுண்டுக்குக் கீழே இருக்கும் பேரிங் இறுகிவிட்டால், ஸ்டீயரிங்கோடு சேர்ந்து வழுக்கிச் சுழல வேண்டிய ஸ்பிரிங் சிக்கி நின்று திடீரென்று விடுபடும். ஒருவரை ஸ்டீயரிங் திருப்பச் சொல்லி ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை லேசாக வையுங்கள். சுருள்களுக்கு நடுவே விரலை விட வேண்டாம். ஸ்பிரிங் சீராகச் சுழலாமல் துள்ளினால் பேரிங். திருப்பி முடித்த பிறகு ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரச் சோம்பினாலும் இதையே சந்தேகிக்கலாம்.

வண்டி ஓடும்போது முழுத் திருப்பத்தில் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 'கட் கட் கட்' என்று வேகத்தோடு கூடினால் அது இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் மூட்டான சி.வி. ஜாயிண்ட், சஸ்பென்ஷன் இல்லை.

இந்த மவுண்டை மாற்றும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள். ஸ்ட்ரட்டின் தலை நட்டுக்குக் கீழே ஸ்பிரிங் அழுத்தப்பட்டு இருக்கிறது. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரசர் போடாமல் அந்த நட்டைத் திறந்தால் அது ஆளையே கொல்லும் விசையோடு தெறிக்கும்.

மேடு தாண்டிய பிறகும் ஆட்டம் நிற்கவில்லை

இதுதான் ஷாக். பாலத்தின் இணைப்பைத் தாண்டியதும் வண்டி ஒருமுறை எழுந்து அடங்காமல் தொட்டில்போல மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும். பிரேக் பிடித்தால் மூக்கு குத்தும். பெரிய பஸ் கடந்துபோகும் காற்றுக்கே வண்டி அலையும். குடும்பத்தோடு ஐந்து பேர் ஏறினால் பின்பக்கம் வேகத்தடையில் 'டம்' என்று கட்டையில் மோதும்.

மூலையை அழுத்தி விட்டுப் பார்க்கும் சோதனை எல்லோருக்கும் தெரியும். அதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். விட்டதும் இரண்டு மூன்று தடவை ஆடினால் ஷாக் போனது நிச்சயம். ஒரே தடவையில் நின்றால் முழுதாகச் சாகவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். கை அழுத்தும் வேகம் வேறு, எண்பதில் போகும்போது பள்ளம் அடிக்கும் வேகம் வேறு.

டார்ச் அடித்து ஷாக்கின் உடம்பைப் பாருங்கள். மேல் பகுதியில் லேசான எண்ணெய்ப் பூச்சு இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. எண்ணெய் வழிந்து கீழ்வரை வந்து புழுதி பிடித்துச் சேறாக இருந்தால் சீல் போய்விட்டது. தூசி உறையும் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டையும் உடைந்து கம்பி வெளியே தெரிந்தால், அந்தக் கம்பியில் மண் உரசி சீலைக் கிழிப்பது அடுத்த கட்டம்.

ஷாக் என்பது சொகுசுக்கு மட்டும்தானே, கொஞ்ச நாள் தள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஷாக்கின் முதல் வேலை டயரைத் தரையோடு வைத்திருப்பது. சக்கரம் துள்ளும் ஒவ்வொரு கணமும் அந்த டயருக்குப் பிரேக்கும் இல்லை, ஸ்டீயரிங்கும் இல்லை. மழைநாளில் கரடுமுரடான ரோட்டில் பிரேக் பிடிக்கும்போதுதான் இது முழுதாகத் தெரியும்.

ஷாக்கை மாற்றினால் ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். நான்கும் ஒரே நேரத்தில் போவது குறைவு. பழைய பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டை போவது பலருக்கு வழக்கம். கதவு, கண்ணாடி, விளக்குக்கு அது சரி. ஷாக், புஷ், பால் ஜாயிண்ட் இவற்றை மட்டும் பழசாக வாங்காதீர்கள். எத்தனை ஆண்டு உழைத்து, எந்த விபத்தில் அடிபட்டு வந்தது என்று பார்த்துச் சொல்ல வழியே இல்லை.

ஸ்டீயரிங்கில் தளர்வு, வண்டி தன்னிச்சையாக அலைகிறது

இந்தப் பிரிவைத் தள்ளிப்போடாதீர்கள். மற்றவை பெரும்பாலும் பணத்தையும் நிம்மதியையும் பற்றியவை. பால் ஜாயிண்டும் டை ராடு எண்டும் (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு) உயிரைப் பற்றியவை.

முன் சக்கரம் தொங்கும்படி தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து, ஒரு கை தள்ள மறு கை இழுக்க, ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயிண்ட். மெக்பெர்சன் வண்டியில் வண்டியின் எடை ஸ்ட்ரட் வழியாக மேலே போய்விடுவதால் கீழ் பால் ஜாயிண்டில் ஸ்பிரிங் சுமை இல்லை. அதனால் தொங்கவிட்டு, ஆர்முக்கும் நக்கிளுக்கும் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) நடுவே லிவர் போட்டு நெம்பினால் தேய்மானம் அப்படியே தெரியும்.

அடுத்து இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். இந்தத் திசையில் ஆட்டம் என்றால் டை ராடு எண்ட் அல்லது ஸ்டீயரிங் திருப்பத்தை டை ராடுக்குக் கடத்தும் ஸ்டீயரிங் ராக்குக்குள் இருக்கும் ராக் எண்ட். ஒருவர் ஆட்டும்போது நீங்கள் டை ராடு எண்ட் மேல் விரல் வையுங்கள். அங்கே தட்டல் இல்லையென்றால் ராக்கின் மடிப்பு ரப்பரை அழுத்தி உள்ளே இருக்கும் மூட்டைத் தொட்டுப் பாருங்கள்.

பால் ஜாயிண்டின் ஆயுள் அதன் ரப்பர் உறையில் இருக்கிறது. உறை கிழிந்த நாளிலிருந்து தண்ணீரும் மணலும் உள்ளே போகும். கிரீஸ் கறுப்புக் கூழாகி குண்டையும் கிண்ணத்தையும் அராவும். 2015 டிசம்பர் மாதிரி வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற வண்டிகளில் இன்ஜினையும் வயரிங்கையும் சரிசெய்த பலர் இந்த உறைகளையும் வீல் பேரிங்குகளையும் பார்க்கவே இல்லை. தண்ணீரில் நின்ற வண்டியை வாங்குவதாக இருந்தால் முதலில் இங்கே டார்ச் அடியுங்கள்.

பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் ஆர்மிலிருந்து விலகி வெளிப்பக்கம் மடங்கும், வண்டி அந்த மூலையில் தரையில் உட்காரும், ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்காது. தெளிவான ஆட்டம் தெரிந்தால் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், இழுத்துச் செல்லும் டோ வண்டியில் ஏற்றுங்கள்.

டயர் சொல்லும் சேதி

வண்டியை நிறுத்திவிட்டு டயரின் மேல் உள்ளங்கையை வெளிப்பக்கமிருந்து உள்பக்கமாக ஒருமுறை, உள்ளிருந்து வெளியே ஒருமுறை தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பும் மறு திசையில் ரம்பம்போல் சுரசுரப்பும் இருந்தால் டோ கோணம் (சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் அளவு) தவறியிருக்கிறது, டை ராடு எண்டையும் புஷ்ஷையும் சோதியுங்கள். சுற்றளவு முழுக்க ஆங்காங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அல்லது பேலன்சிங். உள் விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், வளைந்த ஆர்ம், தளர்ந்த புஷ். நடுப்பகுதி மட்டும் என்றால் காற்று அதிகம், இரண்டு விளிம்பும் என்றால் காற்று குறைவு.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் காற்றுக்கு அடுத்ததாக முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டிய டயர் என்றால் முன்பின் மாற்றுங்கள். இழுப்பு பக்கம் மாறினாலோ நின்றுபோனாலோ டயர்தான் காரணம். கொஞ்ச தூரம் ஓட்டிய பின் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சூடாக இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஒரு மூலை தாழ்ந்து நிற்கிறது

சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரு பக்கமும் டேப்பால் அளந்து பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தால் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். பெரும்பாலும் அடிச்சுருள்தான் உடையும், கிண்ணத்துக்குள் மறைந்திருக்கும், விரலால் தடவினால்தான் தெரியும். உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில், தூத்துக்குடி ராமேஸ்வரம் பக்கமெல்லாம், பெயின்ட் உரிந்த இடத்தில் துரு பிடித்து இது நடக்கும். உடைந்த நுனி டயரின் பக்கவாட்டைக் கிழிக்கக்கூடும்.

வேகத்தோடு கூடும் 'உம்ம்'

ரோடு மாறினால் சத்தமும் மாறுகிறதென்றால் டயர். எந்த ரோட்டிலும் ஒரே மாதிரி என்றால் வீல் பேரிங். லேசாக வலப்பக்கம் வளைக்கும்போது சத்தம் கூடினால் இடது பேரிங், இடப்பக்கம் வளைக்கும்போது கூடினால் வலது. எண்பது தொண்ணூறில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் முதலில் வீல் பேலன்சிங், பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்.

பின்பக்கம்

பின்னால் பாகங்கள் குறைவு. ஷாக்கின் மேல் கீழ் புஷ் போனால் சின்னக் கல்லில் ஏறினாலும் 'டக்' என்று கேட்கும். டார்ஷன் பீமின் இரண்டு பெரிய புஷ் கிழிந்தால் லேன் மாறும்போது பின்பக்கம் தனியாக ஒரு கணம் தாமதித்து வருவதுபோல் இருக்கும்.

வேலை முடிந்த பிறகு

ஆர்ம், ஸ்ட்ரட், டை ராடு எதைத் தொட்டாலும் வீல் அலைன்மென்ட் செய்தாக வேண்டும். அதற்கு முன்னும் அதற்குப் பின்னும் எடுத்த அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் டோ அளவைச் சரிசெய்துவிடுவார்கள், பெரும்பாலான சிறிய வண்டிகளில் கேம்பர் (சக்கரத்தின் தலை உள்ளோ வெளியோ சாயும் கோணம்) அளவைத் திருப்ப அங்கே எந்தத் திருகும் இல்லை. வேலை முடிந்த பிறகும் ஒரு சக்கரத்தின் கேம்பர் மட்டும் வரம்பைத் தாண்டி நின்றால், வளைந்த ஆர்ம், ஸ்ட்ரட் அல்லது நக்கிள் ஏதோ ஒன்று இன்னும் வண்டியில் இருக்கிறது என்று பொருள். தாளைக் காட்டி அதைத் தேடச் சொல்லுங்கள்.